தேர்ட் இயர் முடியப் போகுது, "அடுத்து என்ன"ன்னு கேக்காத ஆளே இல்ல

கடைசிபெஞ்ச்_கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னிக்குத்தான் எழுதுறேன். நீளமா வரும், ஏன்னா இத இன்னும் யார்ட்டயும் முழுசாச் சொல்லல.

நான் பி.எஸ்சி மேத்ஸ் ஃபைனல் இயர், மதுரைல ஒரு எய்டட் காலேஜ். ஊரு மேலூர் பக்கம், பேரு வேணாம், சின்ன ஊரு, பேரச் சொன்னா ஆளத் தெரிஞ்சிரும். காலைல 7.10க்கு டவுன் பஸ்ஸு, அத விட்டா 7.45, அதுல ஏறுனா ஃபர்ஸ்ட் அவர் அட்டெண்டன்ஸ் போச்சு. லேடீஸுக்கு டிக்கெட் இல்லங்கிறதால காசு மிச்சம், ஆனா ஒத்தக்கடை வரைக்கும் ஒத்தக்கால்லதான். யானைமலை தெரிஞ்சதுமே பேக்க முன்னாடி மாட்டிக்கிட்டு படிக்கட்டுப் பக்கமா நகர ஆரம்பிச்சிரணும், இல்லன்னா மாட்டுத்தாவணில எறங்க முடியாது. அங்கருந்து இன்னொரு பஸ்ஸு. கோரிப்பாளையத்துல பாலம் வேல ஆரம்பிச்சதுல இருந்து அது எப்ப போய்ச் சேரும்னு டிரைவருக்கே தெரியாது.

மத்தபடி காலேஜ்ல ஒரு கொறயும் இல்ல. நாங்க ஆறு பேரு கேங்கு. கவர்மெண்ட் மாசாமாசம் குடுக்குற புதுமைப்பெண் காசு 1000 ஏறுற அன்னிக்குத்தான் எங்களுக்குத் தீவாளி, அதுல ரீசார்ஜ் போக, ஜெராக்ஸ் போக, மிச்சத்துல மாசத்துக்கு ஒரு நாள் விளக்குத்தூண் பக்கம் போயி மூணு ஜிகர்தண்டா வாங்கி ஆறு ஸ்பூன் கேப்போம். கடைக்காரரு மொறைப்பாரு, ஆனா குடுத்துருவாரு. அப்பிடியே மாசி வீதில ஒரு சுத்து, எல்லாக் கடையிலயும் வெல கேட்டுட்டு ஒண்ணும் வாங்காம வருவோம். சித்திரைத் திருவிழா மட்டும் ஒவ்வொரு வருஷமும் செமஸ்டர் எக்ஸாமோட வந்து இடிக்குது, ஊரே அழகர் பாக்கப் போகும், நாங்க ரியல் அனாலிசிஸ் பாத்துக்கிட்டு இருப்போம்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். போன ஞாயித்துக்கெழம அவளுக அஞ்சு பேரும் எங்க ஊருக்கு வந்தாளுக, அரிட்டாபட்டி பாக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாளுக. டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சன வந்தப்பெறகுதான் டவுன்காரங்களுக்கு அப்பிடி ஒரு ஊரு இருக்குறதே தெரியும். 2025 ஜனவரில நரசிங்கம்பட்டில கெளம்பி தல்லாகுளம் வரைக்கும் போன கூட்டத்துல எங்கப்பாவும் போனாரு, அதே மாசத்துலயே ஏலத்த ரத்து பண்ணாங்க. கொடைவரைக் கோயில், சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாத்தையும் காமிச்சேன். கல்வெட்டு முன்னாடி நின்னு ஒருத்தி இதுல என்னடி எழுதிருக்குன்னா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இந்தக் குகையைச் செஞ்சு குடுத்தவன் பேருன்னேன். "பாரு, அப்பவே அவனுக்கு ஒரு வேல இருந்துருக்கு"ன்னா. எல்லாரும் சிரிச்சோம், சிரிச்சிட்டு சும்மா ஆயிட்டோம்.

அப்புறம் பாறைல உக்காந்துதான் பேச்சு வந்துச்சு. ஒருத்தி பி.எட். ஒருத்திக்கு ஆவணில கல்யாணம், மாப்ள திருப்பூரு. ஒருத்தி எம்.எஸ்சி. ரெண்டு பேரு பேங்க் எக்ஸாம். நீ என்னடி பண்ணப் போறன்னாளுக. "குரூப் ஃபோர்"னேன், கவர்மெண்ட் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி வைக்கிற எக்ஸாம். வாய்க்கு வந்தது.

உண்மை என்னன்னா டிசம்பர்ல காலேஜுக்கு வந்த ஒரு கம்பெனில எனக்கு செலக்‌ஷன் ஆயிருச்சு. சென்னை. வருஷத்துக்கு 2 லட்சத்து 60 ஆயிரம், ரெண்டு வருஷம் பாண்டு. லிஸ்ட்டு போர்டுல ஒட்டல, மெயில்லதான் வந்துச்சு. வர்ற 20ஆம் தேதிக்குள்ள சம்மதம்னு பதில் அனுப்பணும். இந்த கேங்ல ஒருத்தி என்கூடவே இன்டர்வியூக்கு வந்து அவளுக்குக் கெடைக்கல, அவ முன்னாடி எப்பிடிச் சொல்றதுன்னு பொய் சொல்லிட்டேன்.

வீட்ல கத வேற. என்னைய டி.என்.பி.எஸ்.சி கோச்சிங்ல சேக்கணும்னு அம்மா காதுத் தோட்டக் கழட்டி வச்சிருச்சு. மதுரைல ஒரு சென்டரு, ஃபீஸு 22,000. அடகுக் கடைக்குப் போறது மட்டும்தான் பாக்கி. அப்பா கொத்தனாரு, எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அதான் பயமா இருக்கு. அப்பா கூடப் பொறந்த அத்த தை பொறந்ததுல இருந்து ரெண்டு தடவ ஜாதகம் கேட்டு வந்துட்டாங்க.

22,000 கட்டலாமா, இல்ல சென்னையா, சென்னைன்னா வீட்ல எப்பிடி ஆரம்பிக்கிறது. யாராச்சும் சொல்லுங்க.

பருத்திப்பால்:

தங்கச்சி எல்லாம் படிச்சேன், ரொம்ப வெசனமாத்தான் இருக்கு. ஆனா அஞ்சு புள்ளைக அம்புட்டு தூரம் வந்துருக்குக, மத்தியானம் என்ன சோறு போட்டீங்க, அத எழுதவே இல்லையே.

கடைசிபெஞ்ச்_கணக்கு:

அண்ணா 😂 கருவாட்டுக் கொழம்பு, கீரை, அவிச்ச முட்ட, வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா. டவுன்காரி ஒருத்தி எனக்கு கருவாடு ஆகாதுன்னு சொன்னா, அவதான் மூணு தடவ கொழம்பு வாங்குனா.

நாலாவது_அட்டெம்ப்ட்:

கோச்சிங் பத்தி மட்டும் நான் பேசுறேன், ஏன்னா அந்தப் பணத்த நான் கட்டியிருக்கேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம். பி.காம் முடிச்சு குரூப் 4 நாலு தடவ எழுதி இப்ப இளநிலை உதவியாளரா இருக்கேன். மொதல் வருஷம் ஒரு சென்டர்ல சேந்தேன், பேரு வேணாம். சேந்தப்ப ஒரு கிளாஸ்ல 60 பேருன்னாங்க, போயி உக்காந்தா 200 பேருக்கு மேல, பின்னாடி இருந்தா போர்டு தெரியாது, மைக்குல கேக்கணும். குடுத்த புக்கு பூரா ஸ்கூல் புக்கையே வெட்டி ஒட்டி பைண்டிங் போட்டது. மூணு மாசத்துல நின்னுட்டேன், பணம் திரும்ப வரல.

எக்ஸாம் என்னன்னு மொதல்ல பாருங்க. 200 கேள்வி, 300 மார்க்கு, மூணு மணி நேரம். அதுல 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. தமிழ்ல 150க்கு 60 எடுக்கலைன்னா மிச்சப் பேப்பர திருத்தவே மாட்டாங்க. தரம் பத்தாங்கிளாசு. இன்டர்வியூ கெடையாது. ஆறுல இருந்து பத்து வரைக்கும் சமச்சீர் புக்கு ஃப்ரீயாவே டவுன்லோடு ஆகும், நீங்க மேத்ஸ் புள்ள, அந்த 25ல 22, 23 கண்ண மூடிக்கிட்டு எடுப்பீங்க, அதுக்குத்தான் மத்தவன் ஆறு மாசம் மல்லுக்கட்டுவான். உங்களுக்கு 22,000 எதுக்கு? கே.புதூர் வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வப் பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கு, இலவசமாவே கிளாஸ் எடுப்பாங்க. உக்காந்து படிக்க நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம். டெஸ்ட் பேட்ச் மட்டும் வேணும்னா ஆன்லைன்ல ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு ஆகும்.

ஒரு கேள்வி. நீங்க எந்த மீடியம்? ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து சொல்லுங்க.

கடைசிபெஞ்ச்_கணக்கு:

ஒண்ணுல இருந்து அஞ்சு எங்க ஊரு பஞ்சாயத்து யூனியன் ஸ்கூலு, ஆறுல இருந்து பன்னெண்டு மேலூர்ல கவர்மெண்ட் ஸ்கூலு, பூராவும் தமிழ் மீடியம்தான். காலேஜ் மட்டும் இங்கிலீஷ் மீடியம். அதுல என்ன அண்ணா?

ஓய்வுபெற்ற_எழுத்தர்:

இந்தப் பெண் எழுதியதைப் படித்தேன். நான் 1983ல இளநிலை உதவியாளரா சேர்ந்து 2018ல ஓய்வு பெற்றவன், அரசு வேலை சாப்பாடு போட்டுத்தான் என் மூணு பிள்ளைகளும் வளர்ந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த நூலகத்துக்கு 2023 ஜூலையில திறந்த நாள்ல இருந்து பேப்பர் படிக்கப் போறேன். போட்டித் தேர்வுப் பிரிவுல முதல் மாசம் பார்த்த முகங்கள்ல சில பேர் இன்னிக்கும் அதே நாற்காலியில இருக்காங்க. ஒரு பையன், வரும்போது மீசை அரும்பு, இப்ப முன்நெற்றி ஏறிவிட்டது. மத்தியானம் சோத்து டப்பாவைத் திறக்காமலே மூடி வைக்கிறதை ஒரு தடவை பார்த்தேன்.

2025 ஜூலை 12ல நடந்த குரூப் 4க்கு அறிவிச்ச இடம் 3,935, விண்ணப்பிச்சவங்க 13 லட்சத்துக்கு மேல. கணக்குப் படிக்கிற பிள்ளை, வகுத்துப் பாருங்க அம்மா. கையில ஒரு வேலை வந்து நிக்குது. வேலைக்குப் போங்க.

நாலாவது_அட்டெம்ப்ட்:

அய்யா உங்க வயசுக்கு மரியாத, ஆனா அந்த வகுத்தல் தப்பு. 13 லட்சம் பேருல நெறைய பேரு சும்மா ஃபார்ம் போட்டவன். அம்மா சொல்லுச்சுன்னு போட்டவன், ஹால் டிக்கெட்டே எடுக்காதவன். நெசமா மோதுறது ஒரு சின்னக் கூட்டம்தான், அந்தப் புள்ள அதுக்குள்ள வர்றது கஷ்டமில்ல. அதுவும் அது தமிழ் மீடியம்.

தங்கச்சி, கேட்டீங்கள்ல, அதுல என்னன்னு. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, 2010ல வந்த சட்டம், பி.எஸ்.டி.எம்னு சொல்வாங்க. 2020ல அதத் திருத்துனப்பெறகு, அந்தப் போஸ்ட்டுக்கு என்ன தகுதியோ அதுவரைக்கும் பூராவும் தமிழ் வழியில படிச்சிருக்கணும். குரூப் 4க்குத் தகுதி பத்தாங்கிளாசு. அப்ப உங்க காலேஜ் இங்கிலீஷ் மீடியமா இருந்தாலும் கவலையில்ல, ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் தமிழ்னு சர்டிஃபிகேட் இருந்தாப் போதும். குரூப் 2க்கு டிகிரி தகுதி, அங்க உங்க இங்கிலீஷ் மீடியம் டிகிரி ஒத்து வராது. பொம்பளப் புள்ளைகளுக்கு 30 சதவீதம் வேற இருக்கு. இந்த விஷயத்த அந்த 22,000 கேட்ட சென்டர்ல யாராச்சும் சொன்னாங்களா?

கடைசிபெஞ்ச்_கணக்கு:

இல்ல. "சீட்டு கம்மியாத்தான் இருக்கு, சனிக்கெழமைக்குள்ள கட்டுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. சத்தியமா இது எனக்குத் தெரியாது, எங்க கிளாஸ்ல ஒருத்திக்கும் தெரியாது.

அரியர்_அரசன்:

அக்கா நான் செகண்ட் இயர், திருமங்கலம். நீங்க ஃபைனல் இயர்ல பொலம்புறீங்க, நான் இப்பவே பொலம்புறேன். பசங்க எங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்லதான் வந்துச்சு, மாசாமாசம் அதே 1000, ஏறுன அன்னிக்கே எங்கம்மா பாதிய வாங்கிரும். மிச்சத்துல பன் பரோட்டா. நாலு அரியர் வச்சிருக்கேன், குரூப் 4க்குப் பத்தாங்கிளாசு போதும்னு மேல அண்ணே சொன்னப்பெறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு.

பருத்திப்பால்:

டேய் தம்பி அரியர மொதல்ல கிளியர் பண்ணு. பன் பரோட்டாவக் கொறை.

தாம்பரம்_டு_மாட்டுத்தாவணி:

சிஸ்டர், நான் பரவை, பி.சி.ஏ முடிச்சு சென்னைக்கு வந்து அஞ்சு வருஷமாச்சு. நீங்க சொல்ற அதே மாதிரி ஆஃபர்லதான் வந்தேன், அப்ப 2 லட்சத்து 20 ஆயிரம். ரெண்டு பக்கமும் சொல்றேன்.

2.6னா பி.எஃப் எல்லாம் போக கைக்கு 18, 19 வரும். லேடீஸ் ஹாஸ்டல் சாப்பாட்டோட எட்டாயிரம் வச்சுக்கோங்க, பஸ்ஸு ட்ரெயினு ரெண்டாயிரம், ஃபோனு சோப்பு மாத்திரைன்னு ரெண்டாயிரம், வீட்டுக்கு அஞ்சு அனுப்புனா மாசக் கடைசில நூறு ரூபா நோட்ட தடவிக்கிட்டு இருப்பீங்க. மொத ஆறு மாசம் நைட்டு ரூம்ல அழுவீங்க, நான் அழுதேன், ஆம்பளப் பையன் வெளிய சொல்ல மாட்டான் அவ்ளோதான். ஊருக்கு வரணும்னா பாண்டியன் ட்ரெயின்ல டிக்கெட் கெடைக்காது, இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் புக்கிங்கே ஓப்பன் ஆகுது, தீவாளிக்கு ஓப்பன் ஆன ரெண்டு நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட்டு, அப்புறம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல நின்னு நாலு பஸ்ஸு மாறி மாட்டுத்தாவணில விடிகாலம் எறங்குறப்ப அந்த டீக்கட சத்தம் கேக்கும் பாருங்க, அதுக்காகவே வரலாம்.

ஆனா போங்கன்னுதான் சொல்வேன். மூணாவது வருஷம் கம்பெனி மாறுனேன், சம்பளம் டபுளாச்சு. மதுரைலயே இலந்தைக்குளத்துலயும் வடபழஞ்சிலயும் எல்காட் ஐ.டி பார்க்கு இருக்கு, மாட்டுத்தாவணிப் பக்கம் டைடல் பார்க் வேற வருது, ரெண்டு மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸோட திரும்பி வரலாம், ஃப்ரெஷரா இங்க நொழையுறதுதான் கஷ்டம்.

மூணு விஷயம் செக் பண்ணுங்க. டிரெய்னிங்குக்கு டெபாசிட்னு ஒரு ரூபா கேட்டாலும் அது கம்பெனியே இல்ல, ஓடிருங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வாங்கி வச்சுக்குவோம்னா ஒத்துக்காதீங்க, காமிச்சிட்டுத் திரும்ப வாங்கிருங்க. பாண்டுல நடுவுல நின்னா எவ்ளோ கட்டணும், அது எழுத்துல இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஜாய்னிங் தேதி. அது போட்டிருக்கா?

கடைசிபெஞ்ச்_கணக்கு:

டெபாசிட் கேக்கல. நின்னா 75,000 கட்டணும்னு போட்டிருக்கு. ஜாய்னிங் தேதின்னு எதுவும் இல்ல அண்ணா, "தேர்வு முடிவுகளுக்குப் பின் தெரிவிக்கப்படும்"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கு.

தாம்பரம்_டு_மாட்டுத்தாவணி:

அதத்தான் கேட்டேன். அந்த ஒரு வரிக்கு என் ஜூனியர் ஒருத்தன் பதினோரு மாசம் வெயிட் பண்ணான். எச்.ஆருக்குப் ஃபோன் போட்டுக் கேளுங்க, கேக்குறதுல தப்பில்ல.

ஓய்வுபெற்ற_எழுத்தர்:

இது எனக்குத் தெரியாத செய்தி. எங்க காலத்துல நியமன ஆணை வந்தால் அதுல தேதி இருக்கும், அந்தத் தேதிக்குப் போகலைன்னா வேலை போயிரும். தேதி இல்லாத ஆணையை நான் பார்த்ததில்லை. என் கருத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.

வைகையாத்து_அக்கா:

நான் பொதுவா எழுத மாட்டேன், இதப் பாத்து எழுதணும்னு தோணுச்சு. அந்த மூணாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லல, வீட்ல எப்பிடிச் சொல்றதுன்னு.

நான் ஆரப்பாளையம். 2012ல பி.எஸ்சி பிசிக்ஸ் முடிச்சப்ப வெளியூர்ல எம்.எஸ்சி சீட்டு கெடைச்சுச்சு, லெட்டர் வந்துச்சு வீட்டுக்கு. போஸ்ட்மேன் எங்கையிலதான் குடுத்தாரு. நான் அத பீரோல பொடவைக்கு அடியில வச்சுக்கிட்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன், அப்பா நல்ல மூடுல இருக்கட்டும், அண்ணன் ஊர்ல இருந்து வரட்டும், அமாவாசை போகட்டும்னு. பீஸு கட்ட கடைசி நாளுக்கு மொதநாள் ராத்திரி சொன்னேன். அப்பா லெட்டர ரெண்டு தடவ படிச்சாரு. "ஒரு வாரம் முன்னாடி குடுத்திருந்தா பொரட்டிருப்பேனே தாயி"ன்னாரு. கத்தல, வையல. நான் பயந்தது ஒண்ணு, நடந்தது ஒண்ணு.

அந்த வருஷமே கல்யாணம். அவரு நல்லவருதான், அது வேற. மகளுக்கு ரெண்டு வயசு ஆனப்பெறகு பி.எட் சேந்தேன், ரெண்டு வருஷம், பாப்பாவ மாமியார்ட்ட விட்டுட்டுப் போயிட்டு வந்து ராத்திரி ரெக்கார்டு எழுதுவேன். இப்ப ஒரு தனியார் ஸ்கூல்ல பன்னெண்டாயிரம் சம்பளம். டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதிக்கிட்டு இருக்கேன்.

அவங்க வேணாம்னு சொன்னாக்கூட ரெண்டு வாரம் இருந்தா பேசலாம், அழலாம், சித்தப்பாவ விட்டுச் சொல்லச் சொல்லலாம். ஒரே ராத்திரில ஒண்ணும் பண்ண முடியாது. உனக்கு 20ஆம் தேதி வரைக்கும் எத்தன நாளு இருக்கு? அப்பாட்ட நேராச் சொல்ல வேணாம், அம்மாட்டச் சொல்லு, அடுப்படில வேல பாத்துக்கிட்டு இருக்கும்போது சொல்லு, மூஞ்சியப் பாக்காமச் சொல்லலாம். தோட்ட அடகு வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிரு, அதுக்குப் பெறகுன்னா பேச்சு வேற மாதிரி ஆயிரும்.

பருத்திப்பால்:

அக்கா கண்ணு கலங்கிருச்சு. நாளைக்குச் சிம்மக்கல் வந்தா ஒரு பருத்திப்பால் என் கணக்கு.

அரியர்_அரசன்:

அண்ணே நானும் வரவா?

பருத்திப்பால்:

உனக்கு இல்ல. நாலு அரியர்.

கடைசிபெஞ்ச்_கணக்கு:

அக்கா, பஸ்ஸுல நின்னுக்கிட்டே படிச்சேன், ஸ்டாப்ப விட்டுட்டேன். இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. இன்னிக்கு ராத்திரி சொல்லிர்றேன்.

கடைசிபெஞ்ச்_கணக்கு:

சொல்லல. அத்த வந்துருச்சு.

நாலாவது_அட்டெம்ப்ட்:

அத்தைக எல்லாம் கரெக்டா நேரம் பாத்து வருவாங்க, எந்தக் காலண்டர் பாப்பாங்கன்னு தெரியல. நாளைக்குச் சொல்லுங்க. அப்பிடியே இன்னொண்ணு, டைப்ரைட்டிங் லோயர் ஹையர் முடிச்சிருந்தீங்கன்னா தட்டச்சர் போஸ்ட்டுக்கும் போகலாம், தமிழ் இங்கிலீஷ் ரெண்டும். லீவு நாள்ல போயிரலாம், இன்ஸ்டிடியூட் ஃபீஸு மாசத்துக்குச் சில நூறுதான். பி.எஸ்.டி.எம் சர்டிஃபிகேட்ட இப்பவே வாங்கி வைங்க, நோட்டிஃபிகேஷன் வந்தப்பெறகு போனா ஸ்கூல் வாசல்ல க்யூ நிக்கும். டி.என்.பி.எஸ்.சி சைட்ல மாதிரிப் படிவம் இருக்கும், அதே மாதிரிதான் இருக்கணும், ஹெட்மாஸ்டர் லெட்டர்பேடுல எழுதிக் குடுத்தா செல்லாது. ரெண்டு ஸ்கூலுக்கு ரெண்டு.

கடைசிபெஞ்ச்_கணக்கு:

மூணு வாரம் ஆச்சு. எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, இன்டர்னல் நடந்துச்சு, அதான் வரல.

அம்மாட்டச் சொல்லிட்டேன். அக்கா சொன்ன மாதிரியே, அம்மா வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்துச்சு, நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன், கிரைண்டர் சத்தத்துல ரெண்டு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு. அம்மா ஒண்ணும் பேசல, வெங்காயத்த உரிச்சு முடிச்சிட்டு, "டிசம்பர்லயே வந்துச்சாடி"ன்னு மட்டும் கேட்டுச்சு. மூணு மாசம் மறைச்சதுதான் அதுக்கு வருத்தம்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. நான்தான் அழுதேன், வெங்காயம்னு சொல்லிக்கிட்டேன்.

அப்பாட்ட அம்மா சொல்லிருச்சு. ரெண்டு நாளு எங்கிட்ட ஒண்ணும் பேசல. மூணாம் நாள் வேலைக்குக் கெளம்பும்போது சைக்கிள்ல தூக்குவாளிய மாட்டிக்கிட்டே, "தாம்பரம் தாண்டி நான் ஆறு மாசம் வேல பாத்துருக்கேன், அந்தப் பக்கம் தண்ணி உப்பு, குடிக்கத் தண்ணிய வெலைக்குத்தான் வாங்கணும், ஹாஸ்டல்ல கேட்டுக்க"ன்னாரு. போயிட்டாரு. நான் பொறக்குறதுக்கு முந்தி அப்பா சென்னைல கட்டட வேல பாத்ததே எனக்குத் தெரியாது.

19ஆம் தேதி சம்மதம்னு மெயில் அனுப்பிட்டேன். எச்.ஆருக்கு ஃபோன் பண்ணேன், ஜாய்னிங் ஆகஸ்ட்டா இருக்கலாம், அக்டோபராவும் இருக்கலாம்னாங்க. தாம்பரம் அண்ணா நீங்க சொன்னதேதான். அதுவரைக்கும் சும்மா இருக்கப் போறதில்ல, சனி ஞாயிறு நத்தம் ரோட்டு நூலகம், சமச்சீர் ஏழாங்கிளாஸ் தமிழ் வரைக்கும் வந்துட்டேன். எழுத்தர் அய்யா, நீங்க சொன்ன ஆளு அதே நாற்காலியிலதான் இருக்காரு. போன சனிக்கெழம நான் கொண்டு போன எலுமிச்சஞ்சோத்துல பாதியக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. அவரும் மேத்ஸ்தானாம்.

தோடு அம்மா காதுல இருக்கு. சென்டர்ல இருந்து இன்னமும் ஃபோன் வருது, சீட்டு இன்னமும் கம்மியாத்தான் இருக்காம்.

பி.எஸ்.டி.எம் வாங்கப் போனது ஒரு தனிக் கத. மேலூர் ஸ்கூல்ல ரெண்டே நாள்ல குடுத்துட்டாங்க. எங்க ஊரு ஸ்கூல்லதான் பழைய ரிஜிஸ்டரு பீரோவுக்குள்ள, பீரோ சாவி ஒடஞ்சு போயி, ஆசாரியக் கூப்புட்டுத் தொறந்தாங்க. ஹெட்மாஸ்டரம்மா எனக்கு மூணாங்கிளாஸ் எடுத்த டீச்சர்தான். பேரக் கண்டுபிடிச்சு, கையெழுத்துப் போட்டு, கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு என்னையப் பாத்துக் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி. "அடுத்து என்ன பண்ணப் போற?"

கேங்ல இன்டர்வியூல கெடைக்காத அவட்டயும் சொல்லிட்டேன். ஒரு வாரம் பேசல. நேத்து ஜிகர்தண்டா கடைல ஸ்பூன் மட்டும் நீட்டுனா.

வைகையாத்து_அக்கா:

தாயி ❤️ அத்த?

கடைசிபெஞ்ச்_கணக்கு:

அத்தைக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லலக்கா. அப்பாதான் சொல்லணும்னு அம்மா சொல்லுது, அம்மாதான் சொல்லணும்னு அப்பா சொல்றாரு.

ஓய்வுபெற்ற_எழுத்தர்:

சனிக்கிழமை நான் பத்து மணிக்கு மேல்தான் வருவேன். பேப்பர் பிரிவு. வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, 35 வருஷம் கோப்பு எழுதின கை, தமிழ் இலக்கணத்துல எது வேணுமோ கேட்கலாம்.

அரியர்_அரசன்:

அய்யா நானும் வரலாமா?

ஓய்வுபெற்ற_எழுத்தர்:

வாங்க தம்பி. அரியர் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாங்க.

அரியர்_அரசன்:

அக்கா, அந்த பி.எஸ்.டி.எம் ஃபார்ம் எத்தன காப்பி எடுத்துட்டுப் போகணும்?

கடைசிபெஞ்ச்_கணக்கு:

ஸ்கூலுக்கு ரெண்டு எடுத்துக்க, ஒண்ணு தப்பாப் போயிரும். வாங்குன ஒடனே அங்கயே நின்னு பாரு, எனக்குக் கையெழுத்துப் போட்டு சீல விட்டுட்டாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டுத் திரும்ப ஓடுனேன். அதுக்குள்ள மத்தியான பெல் அடிச்சிருச்சு, டீச்சர் சாப்புட்டு வர்ற வரைக்கும் ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சுல உக்காந்திருந்தேன், முட்டி இடிக்குது.

பருத்திப்பால்:

சத்துணவு என்ன போட்டாங்க அன்னிக்கு?

கடைசிபெஞ்ச்_கணக்கு:

சாம்பார் சாதம் அண்ணா. முட்டையும் இருந்துச்சு. எனக்கும் ஒரு தட்டு குடுத்தாங்க.